கவுனக்காவின் கையும் ஓரகத்தியின் முகமும்

தலையைத் தூக்காமலேயே வந்த ஆளைச் சொல்லிவிடுகிறாள். செருப்புதான் அடையாளம். இடது குதிகால் தேய்ந்திருந்தால் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். நாடா கட்டாத வெள்ளை ஷூ என்றால் விடுதிப் பையன்களில் ஒருவன். "ரெண்டாவது கொக்கில தொங்குது பாரு, எடுத்துக்கோ" என்பாள். அவன் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்வரை அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். யாராவது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டால்தான் வம்பு. செருப்பு மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வந்தவரையே கோபித்துக்கொள்வாள். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் அவளுடைய இடக்கை அது பாட்டுக்கு ஊசியை இழுத்துக்கொண்டிருக்கும்.

தெருவில் எல்லோருக்கும் அவள் கவுனக்கா. அறுபது வயதுக்காரருக்கும் அக்கா, ஆறு வயதுக்கும் அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மருந்துச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி, பத்தடிக்குப் பன்னிரண்டடித் தையல் கடை. பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கறுப்பு அங்கிகள், தெருவின் வாயில் கவுன்கள், மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றின் கீழ்மடிப்பையும் பட்டம் வாங்குகிறவர் உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ தர வேண்டும். "மேடையில எந்தச் செருப்போ அதைப் போட்டுட்டு வா, இல்லேன்னா வராதே" என்று பெண்களை விரட்டுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மடித்துத் தைத்த அங்கி தடுக்கி மேடையில் யாரும் விழுந்ததில்லை. ஒரே ஒரு பேராசிரியர் விழுந்தார். தேடிப்போய் விசாரித்தாள். அவிழ்ந்த ஷூ நாடாதான் காரணம் என்று தெரிந்த பிறகே அன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டாள்.

சுத்த இடக்கைக்காரி. பள்ளியில் அடித்தும் வீட்டில் அதட்டியும் பார்த்தார்கள், கை மசியவில்லை. அவளுக்கென்று இடக்கைக் கத்திரி ஒன்று உண்டு. வேறு யாராவது அதைத் தொட்டுவிட்டால் அன்று முழுக்கக் கோணலாக வெட்டுகிறது என்பாள். குண்டூசிகளை வாயில் கவ்வுகிற வழக்கம் கிடையாது. சட்டைக் கைமடிப்பில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பாள், ஆகவே யாரும் அவளை உரசிக்கொண்டு நின்று பேசுவதில்லை. இடது ஆட்காட்டி விரல் நகத்தில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. கல்யாணமான புதிதில் மெஷின் ஊசி ஏறி இறங்கியதன் மிச்சம். அந்த விரலை நீட்டிப் பேசினால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம். கொஞ்ச மாதங்களாக அந்த விரலுக்கு ஓய்வே இல்லை.

காரணம் எதிர்ச்சுவர்.

கடைக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், பல்கலைக்கழகத்தின் மதில் ஓடுகிறது. போன வருஷம் வரைக்கும் அது வெறும் மதில். பாசி, கிழிந்த சுவரொட்டி, இங்கே ஒட்டாதீர் என்ற எழுத்து, அந்த எழுத்தின் மேலேயே ஒட்டிய இன்னொரு சுவரொட்டி. உள்ளே வளாகத்தில் கலைக்குக் குறைவில்லை. நூலக வாசலில் இரும்பை முறுக்கி ஏதோ ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள், மாணவர்கள் அதில் பையை மாட்டுகிறார்கள். நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் கல்லில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அதில் அப்பா யார், அம்மா யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. தெருக்காரர்கள் இதையெல்லாம் வாசல் கம்பி வழியாகப் பார்த்ததோடு சரி. ஓவியத் துறைக்கு ஒரு நாள் திடீரென்று தெருவின் மேல் பாசம் வந்தது. மதிலின் வெளிப்பக்கம் முழுக்க, இந்தத் தெருவில் உழைத்துப் பிழைக்கிறவர்களையே பெரிது பெரிதாக வரைந்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

வரைய வந்தவள் அங்கேயே படித்து அங்கேயே பாடம் எடுக்கிற ஒரு சின்னப் பெண். முழங்கை வரைக்கும் சாயம், கழுத்தில் காமிரா. பஞ்சர் ஒட்டுகிறவரை எடுத்தாள், நகல் கடைக்காரரை எடுத்தாள், பேருந்து நடத்துநரைப் படியில் தொங்கவிட்டு எடுத்தாள். கவுனக்கா கடைக்கு அவள் வந்து சேர்ந்ததோ பட்டமளிப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது. நூற்றுப்பத்து அங்கி பாக்கி. கழுத்தைத் திருப்பக்கூட நேரமில்லாத வாரம்.

ஓவியப்பெண் கையைப் படம் பிடித்தாள். குனிந்து, மண்டியிட்டு, ஸ்டூலில் ஏறி, முப்பது நாற்பது தடவை பிடித்தாள். இடக்கை ஊசியும் கறுப்புத் துணியும் பிளந்த நகமும் அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயின. அப்புறம் முகம் வேண்டும், கொஞ்சம் நிமிருங்கள் என்று கேட்டாள். அப்போதுதான் கவுனக்கா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"தலையைத் தூக்கினா ஒரு கவுன் போச்சும்மா. முகம்தானே வேணும்? தோ, அவளை எடுத்துக்கோ. சும்மாத்தானே உக்காந்திருக்கா."

அவள் என்று கை காட்டியது ஓரகத்தியை, அதாவது கொழுந்தன் பெண்டாட்டியை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வேறு யாரும் சொல்லவில்லை, யாரும் தள்ளிவிடவில்லை. ஊசியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், தானே எடுத்துத் தாரை வார்த்தாள். பழி போட ஒரு ஆள்கூட இல்லாத நஷ்டம் எவ்வளவு கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஓரகத்தியைப் பற்றி இங்கே நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கெட்டவள் இல்லை. கவுனக்காவைவிட ஒன்பது வயது இளையவள், கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். மதியம் வரை குழந்தைகள் காப்பகத்தில் வேலை, அப்புறம் கீழே இறங்கி வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்து தெருவோடு பேசிக்கொண்டிருப்பாள். கொக்கி தைக்கக் கொடுத்தால் தலைகீழாகத் தைப்பாள். கவுனக்கா அதைப் பிரித்து மறுபடி தைப்பாள். அவளிடம் இருப்பது முகம். சிரித்தால் பல்வரிசை முழுக்கத் தெரியும், கன்னத்தில் குழி விழும், எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு வந்து தொலையும். அவள் கல்யாணமாகி வந்த அன்றே மாமனார், வீடே வெளிச்சமாகிவிட்டது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அதற்கு முன்பே எட்டு வருஷம் அந்த வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் கவுனக்கா. "அப்ப அதுவரைக்கும் நாம எல்லாரும் இருட்டுலயா தடவிட்டுத் திரிஞ்சோம்?" என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்தக் கேள்வி அவள் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

இரண்டு மாதம் மதிலை மூங்கில் சாரமும் சாக்குத் துணியும் மறைத்திருந்தன. திறப்பு நாளன்று துணைவேந்தர் பேசினார், ஒலிபெருக்கி இரைந்தது, சாக்கு விழுந்தது. தெரு முழுக்க ஒரு ஓ போட்டது.

நன்றாகத்தான் வரைந்திருந்தாள். அதைக் கவுனக்காவே மறுக்க மாட்டாள். மதிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே கறுப்பு அங்கி, எல்லோர் காலடியிலும் ஓடுகிறது. பஞ்சர்க்காரர் அதில் குந்தியிருக்கிறார். நகல் கடைக்காரருக்குத் தொப்பையைப் பாதியாகக் குறைத்திருந்தாள், மனிதர் அன்று முழுக்கக் காற்றில் மிதந்தார். நடுநாயகமாக, கடைக்கு நேர் எதிரே, ஒரு பெண் அந்த அங்கியின் ஓரத்தை மடித்துத் தைக்கிறாள். கை ஒவ்வொன்றும் ஆள் உயரம். இடக்கையில் ஊசி. நகத்தில் அதே பிளவு. அந்தக் கைகளுக்கு மேலே, கழுத்துக்கு மேலே, பல்வரிசை தெரிய, கன்னத்தில் குழி விழ, தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது ஓரகத்தியின் முகம்.

கவுனக்கா கைதட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் நின்ற அவளுடைய வீட்டுக்காரர், வாழ்நாளில் எதையும் வாய்விட்டுப் பாராட்டியறியாத மனிதர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தச் சிரிப்பு அப்படியே வந்திருக்குல்ல?"

அன்று மாலை வீட்டில் அவருக்குத் தேநீர் கிடைக்கவில்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. பல்கலைக்கழகத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மதில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். திரும்பினால் எதிரே தையல் கடை. கடை ஸ்டூலில் அதே முகம். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டாள் என்று நேரே அவளிடம் வருவார்கள். சுவரில் இருக்கிற தையல்காரம்மா நீங்கள்தானே, இந்தச் சட்டையைக் கொஞ்சம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்பார்கள். ஓரகத்தி மறுப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். கடைசியில் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே திரும்புவாள்.

"அக்கா, எனக்கு ஒருத்தர் தைக்கக் குடுத்துட்டுப் போறாரு."

எனக்கு! அந்த ஒரு சொல் கவுனக்காவுக்கு ஊசியைவிட ஆழமாக இறங்கியது. சட்டையை வாங்கித் தைத்தாள். நன்றாகவே தைத்தாள், மோசமாகத் தைக்க அவளுக்கு வராது. வாங்கிக்கொண்டு போகிறவர் ஓரகத்தியிடம்தான் நன்றி சொன்னார்.

பொறாமை என்று அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. கண் கூசுகிறது என்றாள். எதிர்ச்சுவரின் வெள்ளைச் சாயம் வெயிலில் அடிக்கிறது, தையல் தெரியவில்லை என்று சொல்லி, இருபத்திரண்டு வருஷமாக வாசலைப் பார்த்துக் கிடந்த மெஷினை ஒரு நாள் தரதரவென்று இழுத்து உட்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வெளிச்சம் இப்போது தவறான தோளிலிருந்து வந்தது. தன் கையின் நிழலே தையலின் மேல் விழுந்தது. ஒரு வாரத்தில் இரண்டு கால்சட்டை ஒரு நூல் கோணியது. வாழ்க்கையில் முதல் தடவையாக விடுதிப் பையன் ஒருவன் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தான். அன்று மெஷினைப் பழையபடி திருப்பிப் போட்டாள். எதிரே முகம் சிரித்தது.

பால் வாங்கப் போகிற வழியை மாற்றிப் பார்த்தாள். கடைக் கதவில் பாதியை அடைத்துப் பார்த்தாள். மழை பெய்தால் முகம் மட்டுமாவது கொஞ்சம் வழியாதா என்று பார்த்தாள், நல்ல சாயம், ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைசியில் பார்க்காமல் இருக்க முடியாது என்று ஆனபிறகு, தைக்க வந்த ஒரு துணியைப் பார்ப்பதுபோல ஆற அமரப் பார்க்க ஆரம்பித்தாள். தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து மடிப்புக்கு, மடிப்பிலிருந்து கண்ணுக்கு. அங்கேதான் அகப்பட்டது. அவள் துள்ளி எழுந்த வேகத்தில் மடியில் இருந்த நூற்கண்டு வாசல் தாண்டி உருண்டது.

தைக்கிறவள் எங்கேயாவது தெருவைப் பார்ப்பாளா? ஊசி முனை துணிக்குள் இருக்கிறது, கண் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. அடுத்த குத்து நேரே விரலில்! தெருவில் ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஓவியத் துறையில் அத்தனை பேராசிரியர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை, தைக்கிறவளுக்குத் தோன்றியது.

நகல் கடைக்குப் போய் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அச்சடிக்க வைத்தாள். மதிலில் தைக்கும் பெண் ஊசியைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கிறார், தைப்பவர் எப்போதும் தையலைத்தான் பார்ப்பார், இப்படிப் பார்த்தால் விரலில் ஊசி ஏறுவது நிச்சயம், இது தொழில் தெரியாததால் நேர்ந்த பிழை, பல்கலைக்கழகத்தின் பெயரைக் கருதித் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். முகம் யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொறாமையின் ஒரு பிசிறுகூட வெளியே தெரியாதபடி மடித்துத் தைத்திருந்தாள். மூன்று நகல் எடுத்தாள், ஒன்றை ஓவியத் துறைக்கு அனுப்பினாள். நகல் கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெருமுழுக்கச் சொல்லி வைத்தார். அதுவும் பின்னால் வினையாக முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஓவியப்பெண்ணே கடைக்கு வந்தாள். முகம் கன்றியிருந்தது. "நீங்க எழுதினது சரிதான்க்கா. பார்க்கிறவங்களை அந்த முகம் பார்க்கணும்னு நினைச்சேன், கை என்ன செய்யுதுன்னு யோசிக்கல" என்றாள். மதிலுக்கு அடுத்த திங்கட்கிழமை, படம் அழியாமல் காக்கிற மேல்பூச்சு அடிக்கப் போகிறார்கள், அடித்துவிட்டால் பத்து வருஷத்துக்கு அதில் கைவைக்க முடியாது, அதற்குள் ஒரு நாள் சாரம் கட்டித் தருகிறார்கள், அந்த முகத்தை எடுத்துவிட்டுக் கவுனக்காவின் முகத்தையே போட்டுவிடலாம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

கவுனக்காவின் ஊசி ஒரே இடத்தில் இரண்டு தடவை இறங்கியது. ஆனாலும் கை நிற்கவில்லை. "போடறதுன்னா போடு. எனக்கென்ன, வேலை சரியா இருந்தா சரி" என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஸ்டூலில் இருந்தாள் ஓரகத்தி. மடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அப்புறம் வழக்கம்போலச் சிரித்தாள். "நல்லதாப் போச்சுக்கா. நாள் பூரா வெயில்ல நின்னு எனக்கே மூஞ்சி எரியிற மாதிரி இருந்துச்சு." ஆனால் சாரம் கட்டுவதற்கு முந்தின நாள் காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால், இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு அவள் மதில் முன்னால் நின்று கணவனைப் படம் எடுக்கச் சொன்னாள். கவுனக்கா அப்போதுதான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்துத் தொலைத்தாள். பாவமாக இருந்தது. எவ்வளவு நேரம் நிற்கிறாள் பார் என்றும் இருந்தது.

அந்த நாள் வந்தது. கவுனக்கா தலைக்குக் குளித்து, படிய வாரி, கைமடிப்பில் ஒரு குண்டூசிகூட இல்லாத புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மதில் ஓரமாக நாற்காலி போட்டு, மடியில் அங்கியும் கையில் ஊசியுமாக உட்கார வைத்தார்கள். தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. பஞ்சர்க்காரர் சைக்கிள் டியூபோடு வந்து நின்றார். நகல் கடைக்காரர் எல்லோருக்கும் முன்னால் நின்றார். ஓரகத்தி சாரத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

ஓவியப்பெண் தன்னைப் பார்க்கச் சொன்னாள். கவுனக்கா நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கை நின்றுவிட்டது. தைக்கச் சொன்னாள். கை ஓடியது, தலை குனிந்துவிட்டது. நிமிர்ந்தால் கை இல்லை, கை இருந்தால் முகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை இப்படியே நடந்தது. எப்படியோ ஒரு நொடி இரண்டும் அமைந்தபோது ஓவியப்பெண் படம் பிடித்துக் காட்டினாள். கவுனக்கா காமிராவை வாங்கிப் பார்த்தாள். படத்தில் அவள் கண் ஓவியப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஓரமாக, சாரத்தின் பக்கமாக, ஓரகத்தி நின்ற இடத்துக்குப் போயிருந்தது. உதடு ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. இத்தனை மாதமாக இந்த முகத்தோடா திரிந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை அழித்துவிடச் சொன்னாள். அழித்ததை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஓவியப்பெண் அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ரெண்டுல ஒண்ணுதான்க்கா. நிமிர்ந்தீங்கன்னா உங்க முகம் தெருவுக்கே தெரியும். ஆனா நீங்க எழுதின தப்பு அப்படியே இருக்கும். குனிஞ்சீங்கன்னா வேலை சரியா இருக்கும். முகம் தெரியாது. தலை மட்டும்தான் தெரியும்."

கவுனக்கா அண்ணாந்து மதிலைப் பார்த்தாள். பத்து வருஷம் அழியாத சுவர். அதில் தன் முகம் என்று நாலு மாதமாக உள்ளுக்குள் எத்தனை தடவை வரைந்து பார்த்திருக்கிறாள்! நிமிர்ந்தே போட்டுவிடு, ஊசியாவது மண்ணாவது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எழுதிய கடிதத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? நகல் கடைக்காரர் வைத்திருந்தார். முன்வரிசையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும்கூடத் தாண்டியிருப்பாள். அந்த நேரம் பார்த்து ஓரகத்தி, நல்ல மனசோடுதான், குரல் கொடுத்தாள்.

"நிமிர்ந்தே இருங்கக்கா. ஊசியை யாரு பார்க்கப் போறா?"

அவ்வளவுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பாள். கொக்கியைத் தலைகீழாகத் தைக்கிறவள், ஊசியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தனக்கு வழி சொல்லித் தருகிறாள். கவுனக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளந்த நகம் ஓவியப்பெண்ணை நோக்கி நீண்டது.

"குனிஞ்சே போடு. தப்புன்னா தப்புதான், அது யாரு மூஞ்சியா இருந்தாலும்."

தெரு பாராட்டியது. தொழில் நேர்மை என்றால் இதுதான் என்று நகல் கடைக்காரர் தழுதழுத்தார். நேர்மை இருந்தது, பொய்யில்லை. அதன் அடியிலேயே இன்னொன்றும் இருந்தது. எனக்கு முகம் இல்லாவிட்டால் போகிறது, அவளுக்கும் இல்லை என்கிற ஒரு திருப்தி. இரண்டில் எது எத்தனை பங்கு என்று அவளைக் கேட்டால் விரலை நீட்டுவாள்.

மாலைக்குள் வேலை முடிந்தது. முதலில் கன்னக்குழி போயிற்று, பிறகு பல்வரிசை, பிறகு கண். ஓரகத்தி அதற்குள் மாடிக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் குனிந்த ஒரு தலை வந்தது. வகிடு நேராகப் போய் நடுவில் இடப்பக்கமாக வளைகிறது, கவுனக்காவின் வகிடு அப்படித்தான். நரையைப் போடவா, விட்டுவிடவா என்று ஓவியப்பெண் மரியாதையாகக் கேட்டாள். "போடு, போடு. அது இல்லேன்னா நான்னு எப்படித் தெரியும்?" என்றாள். பார்வை இப்போது ஊசி முனையில் இருந்தது. திங்கட்கிழமை மேல்பூச்சு அடித்தார்கள்.

அப்பாடா என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தைத்தாள். எட்டாம் நாள் நூலகத்துக்காரர் வாசலில் நின்று ஓரகத்தியிடம் விசாரித்தார். சுவரில் ஏன் தலையைத் தொங்கப் போட்டுவிட்டீர்கள், உடம்பு சரியில்லையா என்றார். அடுத்த நாள் விடுதிப் பையன்கள் இரண்டு பேர். அப்புறம் பேருந்து நடத்துநர். சாரம் கட்டிய அன்று வந்து நின்ற இருபது முப்பது பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் மனதில் அந்தப் பழைய முகம் நன்றாகப் பதிந்துபோயிருந்தது. அதே பெண், அதே இடம், சிரித்துக்கொண்டிருந்தவள் இப்போது குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். தெரு அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஓரகத்தி ஒவ்வொருவரிடமும் மறுத்தாள். அது நானில்லை, எங்கள் அக்கா என்று மூச்சு முட்டச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய தன்னடக்கத்தைப் புகழ ஆரம்பித்துவிட்டார்கள். முகம்தான் போயிற்று, பெருமையோடு அடக்கம் என்கிற பட்டமும் சேர்ந்து அவளுக்கே போயிற்றே என்று கவுனக்கா உள்ளுக்குள் குமுறினாள். யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது? இந்தத் தடவை பிழை எங்கேயும் இல்லை.

போன வாரம் மாணவியர் விடுதிக் காப்பாளர் அம்மாள் ஒரு திரைச்சீலையை மடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். கவுனக்கா மெஷினில் ஒரு நீளத் தையலின் நடுவில் இருந்தாள். காப்பாளர் துணியை ஓரகத்தியின் மடியில் வைத்துவிட்டு, எதிர்ச்சுவரைக் காட்டி, முன்னால் சிரித்ததைவிட இதுதான் உங்களுக்கு அழகு என்றார்.

ஓரகத்திக்கே பொறுக்கவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறீங்க. சுவத்துல வகிட்டைப் பாருங்க, நடுவுல எப்படி வளையுது? இப்ப இங்க பாருங்க."

மெஷின் நின்றது. காப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார், திரும்பிக் குனிந்து பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். கவுனக்கா நிமிரவில்லை. தலையில் செருகியிருந்த கிளிப்பை இடக்கையால் உருவி மடியில் போட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் முடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படிய ஒதுக்கிவிட்டாள். பிறகு தலையை இன்னும் இரண்டு விரற்கடை தாழ்த்தி, அந்த அம்மாள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.